ஆறு வருடம், இரண்டு கிலோ: 150-600 லென்ஸோடு என் அனுபவம்

2018-இல் செகண்ட் ஹேண்டில் 52 ஆயிரத்துக்கு இந்த 150-600 மி.மீ. ஜூம் லென்ஸை வாங்கினேன். இந்த எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். என் கேமரா ஏபிஎஸ்-சி, அதாவது சென்சார் சின்னது. அதில் மாட்டினால் 600 என்பது 900 மாதிரி தெரியும். வாங்கிய அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது அந்த எண் மட்டும்தான். எடை இரண்டு கிலோ என்பது பிறகு தோள்பட்டை சொல்லித் தெரிந்தது.

முதலில் தூக்கிக்கொண்டு போனது வேடந்தாங்கலுக்கு. இருட்டோடு பைக்கில் கிளம்பி ஏழு மணிக்குக் கரையில் நின்றேன். ஏரிக்குள் இருக்கும் மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கிளைக்குக் கிளை உட்கார்ந்திருந்தன. 600 வரை இழுத்தும் படத்தில் பறவை கட்டைவிரல் அளவுதான். ஒன்பதரைக்கு மேல் எடுத்தவை இன்னும் மோசம், எல்லாம் நெளிந்து கிடந்தன. லென்ஸ் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் படங்களைப் பார்த்துவிட்டு, “சார், இது கானல். வெயில் ஏறினா எந்த லென்ஸும் இப்படித்தான் எடுக்கும்” என்றார். தூரம் கூடக்கூடச் சூடான காற்றின் அலைச்சலும் படத்தில் கூடும். அதிலிருந்து ஒன்பது மணி ஆனால் கேமராவை மூடிவிட்டு இட்லிக்கடை தேடிப் போய்விடுவேன்.

அப்புறம் கூந்தன்குளம் போனேன். நெல்லைப் பக்கம் இருக்கும் இந்த ஊரில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் வீட்டுவாசல் மரங்களிலேயே கூடு கட்டும். 150-க்கு இறக்கியும் பறவை சட்டத்துக்குள் அடங்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ஆச்சி, “அங்கன நிக்காதீய, மேல இருந்து எச்சம் உளும்” என்று சொல்லி முடிப்பதற்குள் விழுந்தது. லென்ஸ் முனையில் வெயிலை மறைக்க மாட்டும் ஹூடில் அந்த வெள்ளைத் தடம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அன்றைக்கு உருப்படியான படம் செல்போனில் எடுத்ததுதான்.

லென்ஸின் குணம் என்று பார்த்தால், 600-இல் லென்ஸின் வாயை முழுசாகத் திறந்து, அதாவது எஃப்/6.3 வைத்து எடுத்தால் இறகின் நுணுக்கம் கொஞ்சம் மழுங்கும். வாயைச் சுருக்கி எஃப்/8 வைத்தால் தெளிவு, ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். காலை ஆறரை மணி வெளிச்சத்தில், பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி ஷட்டர் வேகமும் வேண்டும் என்றால், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200-ஐத் தாண்டிவிடும். என் பழைய கேமராவில் அதற்கு மேல் மணல் தூவியது போல நாய்ஸ். 500-க்கு இறக்கினால் எஃப்/6.3-இலேயே ஓரளவு தெளிவு கிடைக்கிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

2020 ஊரடங்கில் பல மாதம் பையைத் திறக்கவே இல்லை. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அது போதும். உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்ய 6,500 ரூபாய், இரண்டு மாதக் காத்திருப்பு. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 45 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். லென்ஸ் வாங்குகிற அன்றே இதையும் வாங்கியிருக்க வேண்டும்.

டிரைபாட் இரண்டு தடவையோடு சரி. பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து அரிசி நிரப்பி, லென்ஸை மேலே வைத்து எடுக்க ஒரு பீன் பேக் செய்தேன். ஒரே மாதத்தில் வண்டு வைத்தது. இப்போது வெறும் பையாகக் கொண்டுபோய், போன இடத்தில் மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறேன்.

அந்த மண் பையைப் போட்டு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தபோதுதான் நீளவால் இலைக்கோழி பதினைந்து மீட்டருக்குள் வந்தது. முதல் நாற்பது நிமிடம் ஒன்றும் இல்லை, கொசுக்கடிதான். நான் நகராமல் இருப்பது அதற்குப் பழகியதும் இலைக்கு இலை நடந்து தானாகவே நெருங்கியது. 380-இல் எடுத்தேன். என் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அந்த ஒரு படம்தான்.

போன மாதம் அழிக்காமல் வைத்திருக்கும் படங்களை எடுத்து, எந்த மி.மீ.யில் எடுத்தவை என்று எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் 400-க்குக் கீழே. அதனால் எடை குறைந்த 100-400 ஒன்றுக்கு மாறப்போகிறேன். இந்த 150-600-ஐ மச்சான் கேட்கிறார், முப்பதாயிரம் சொல்லியிருக்கிறேன். ஹூடில் இருக்கும் கறையைக் காட்டி அவர் இரண்டாயிரம் குறைக்கச் சொல்கிறார்.