மாட்டியதைவிடக் கழற்றியதே அதிகம்: பழைய கோல்ஃப் ஜிடிஐயோடு சில வருடங்கள்

என்னிடம் இருப்பது ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல், முன்சக்கர இழுவை. 2004-இல் இந்தத் தலைமுறை ஜிடிஐ வந்தபோது கம்பெனி சொன்ன கணக்கு 200 பிஎஸ் (குதிரைத்திறன்), 280 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது எஞ்சினின் சுழற்றும் விசை. 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 7.2 வினாடி. இன்றைக்கு இந்த எண்களைக் கேட்டு யாரும் மிரள மாட்டார்கள். ஆனால் அந்த 280 நியூட்டன் மீட்டரும் 1,800 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும், 5,000 வரை குறையாது. ஓவர்டேக் செய்யப் பாதி நேரம் கியரைக் குறைக்கவே வேண்டாம். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு இது தாராளம் என்பது என் கட்சி.

எனக்கு முந்தைய ஓனர் அந்தக் கட்சியில் இல்லை. ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் ஃபைலைப் பவருக்காக மாற்றி எழுதுவதில் முதல் படி), திறந்த ஏர் ஃபில்டர், புஸ்ஸென்று காற்றை வெளியே விடும் டம்ப் வால்வு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), தரையை முத்தமிடும் அளவுக்கு இறக்கிய ஸ்பிரிங், 19 இன்ச் அலாய் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தெரிந்தேதான் வாங்கினேன். பாடியில் துரு இல்லை. அதைவிட முக்கியம், கழற்றிய ஒரிஜினல் பாகங்களை எல்லாம் அட்டைப்பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். மாடிஃபை செய்த வண்டியைப் பார்க்கப் போனால் நான் முதலில் விசாரிப்பது அந்தப் பெட்டிகளைத்தான். அவை இல்லையென்றால் எனக்கு அந்த வண்டி பாதி வண்டி.

முதலில் கழன்றது டம்ப் வால்வு. இந்த எஞ்சினில் ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் ஒரு சென்சார் உள்ளே போகும் காற்றை அளக்கிறது. அந்த அளவை வைத்துத்தான் எஞ்சின் கம்ப்யூட்டரான இசியூ பெட்ரோல் விடும். கியர் மாற்றுவதற்காக ஆக்சிலரேட்டரை விட்டதும், டர்போ அழுத்தி வைத்த காற்றை ஒரிஜினல் வால்வு திரும்பவும் டர்போவுக்கு முன்னாலேயே கொண்டுபோய் விடுகிறது. கணக்கு குலையாது. டம்ப் வால்வோ ஏற்கெனவே அளந்த காற்றை வெளியே ஊதித் தள்ளிவிடும். இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் இறங்கும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ஒரு திக்கல், சைலன்ஸரில் கருப்புப் புகை, பிளக்கில் கரி. சத்தம் மட்டும் பிரமாதம், அதை மறுக்க மாட்டேன். இந்த மாடலில் ஆரம்பத்தில் வந்த ஒரிஜினல் வால்வில் ரப்பர் சவ்வு கிழியும் என்பது இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. பிற்பாடு பிஸ்டன் வகைக்கு மாற்றினார்கள். பெட்டியில் கிடந்தது பழைய வகை. அதை விட்டுவிட்டு, பிஸ்டன் வகையைப் புதிதாக வாங்கி மாட்டினேன். திக்கல் அன்றோடு போனது.

அப்புறம் ஸ்பிரிங். வண்டியை இறக்கினால் வளைவில் சாயாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கொஞ்சம் இறக்கினால் சரிதான். அதிகமாக இறக்கினால் சக்கரம் மேலே எழும்ப இடமே இருக்காது. சஸ்பென்ஷன் முட்டி நிற்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேல்தான் வண்டி சவாரி செய்யும். நேர்சாலையில் அது வெறும் முதுகுவலி. வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தாலோ, ஸ்பிரிங் சட்டென்று கல்லாகி, முன்சக்கரம் பிடியை விட்டு ஒரு அடி வெளியே தள்ளும். பார்க்க ரேஸ் கார், ஓட்டினால் கட்டை வண்டி. கம்பெனி ஸ்பிரிங், நல்ல தரத்தில் நான்கு புது டாம்பர் (ஷாக் அப்சார்பர்), பழைய 17 இன்ச் சக்கரம், 225/45 அளவில் நான்கும் ஒரே மாதிரி டயர், கடைசியில் அலைன்மென்ட். இவ்வளவுதான் செய்தேன். ஓட்டிப் பார்த்த நண்பன் "என்ன சஸ்பென்ஷன் போட்டே?" என்று கேட்டான். ஷோரூமில் வந்ததுதான் என்றால் நம்பவில்லை.

இந்த எஞ்சினைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல விடுவார்கள் என்றால் கேம் ஃபாலோயரைத்தான் சொல்வேன். இது டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பாயும். அதை அழுத்தித் தள்ளும் ஹை பிரஷர் பம்பை இன்டேக் கேம்ஷாஃப்ட் (காற்று நுழையும் வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஓட்டுகிறது. கேமுக்கும் பம்புக்கும் நடுவில், கட்டைவிரலில் கவிழ்த்து வைக்கிற மாதிரி ஒரு சின்ன எஃகுக் கிண்ணம். அதுதான் ஃபாலோயர். புதிதில் அதன் முகம் கருப்புப் பூச்சோடு மின்னும். ஓட ஓடப் பூச்சு தேய்ந்து வெள்ளி வட்டம் தெரியும். வட்டம் விளிம்புவரை பரவியிருந்தால் மாற்றிவிட வேண்டும். பார்க்காமல் விட்டால் கிண்ணம் ஓட்டையாகி, பம்பின் தண்டு நேராகக் கேமிலேயே உரசும். அப்புறம் கேம்ஷாஃப்ட், பம்ப் எல்லாமே போகும். மூன்று போல்ட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும் சாமான் அது. என் வண்டியிலிருந்து எடுத்தபோது கருப்பு என்பது மருந்துக்கும் இல்லை. நகத்தால் தடவினால் நடுவில் பள்ளம் தட்டுப்பட்டது. கேம் பிழைத்திருந்தது. முந்தைய ஓனரின் பில் கட்டு முழுவதையும் புரட்டினேன், ஃபாலோயர் என்ற பேச்சே இல்லை. ஸ்டீயரிங் வீல் மாற்றியதற்கு மட்டும் இரண்டு பில் இருந்தது.

இப்போது ஒவ்வொரு இரண்டாவது ஆயில் மாற்றத்திலும் அதைக் கழற்றிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஆயிலும் சும்மா கிடைத்ததை ஊற்றுவதில்லை, ஃபோக்ஸ்வாகனின் 502 00 தரம் அச்சிட்ட 5W-40. இன்டேக் வால்வுகளில் படியும் கரி இன்னொரு வேலை. பெட்ரோல் வால்வின் மேல் படாமல் நேராக சிலிண்டருக்குள் போவதால் அதைக் கழுவ ஆளில்லை. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்கிறார்கள். செய்த பிறகு ஐடில் சீரானது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பொதுவாக இது உண்டு, பயப்பட ஒன்றுமில்லை.

ரீமேப்பை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டியதும் முதலில் ரீமேப்பையும் எடுத்துவிட்டு ஒரிஜினல் ஃபைலுக்குப் போனேன். யார் எழுதியது, என்ன நினைத்து எழுதியது என்று தெரியாத ஃபைலை வைத்துக்கொண்டு எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லவே முடியாது. வேலையெல்லாம் முடிந்து, பூஸ்ட் (டர்போ அழுத்தும் காற்று) எங்காவது கசிகிறதா என்று புகை விட்டுப் பார்த்து, எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் சமமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே மறுபடி ஸ்டேஜ் 1. இந்த முறை எழுதியவர் எழுதுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டி, எஞ்சின் எண்களின் பதிவை (லாக்) எடுத்துக் கொடுத்தார்: கேட்ட பூஸ்ட் எவ்வளவு, வந்த பூஸ்ட் எவ்வளவு, எந்த சிலிண்டரில் இக்னிஷன் (தீப்பொறி நேரம்) பின்வாங்குகிறது என்று எல்லாம் அதில் இருக்கிறது. பவரை அளக்கும் டைனோ மெஷின் தாளில் உச்சி எண்ணை மட்டும் காட்டுகிறவரிடம் நான் போக மாட்டேன். கீழ் ஆர்பிஎம்மில் டார்க்கை வேண்டுமென்றே குறைத்து எழுதச் சொன்னேன். மேனுவல் வண்டியில் கம்பெனி கிளட்ச் முதலில் சறுக்குவது அங்கேதான்.

பிரேக்கில் பெரிய காலிப்பர் எதுவும் போடவில்லை. முன்னால் 312 மில்லிமீட்டர் டிஸ்க் கம்பெனியே கொடுத்திருக்கிறது. நல்ல பேடும் புது பிரேக் ஆயிலும் போதும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதற்கு டிஸ்க்கில் ஓட்டை போட்டு என்ன பயன்?

நண்பர்களுக்காக வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். போனதும் முதல் வேலை பானட்டில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் டீயைக் குடித்துவிட்டு ஆறும்வரை உட்கார்ந்திருப்பேன். பிறகு டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம் செய்தது. 200 குதிரை வண்டிக்கு நான்கு மூலையில் நான்கு கம்பெனி மலிவு டயர் போட்டிருப்பவர், கண்ணுக்குத் தெரியாத ஃபாலோயருக்குச் செலவு செய்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வராது. ஓட்டும்போது நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துவேன். முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது.

கடைசியாக ஓபிடி ஸ்கேனர், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் கருவி. எர்ரர் கோடு இல்லை என்று வந்தால் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. வண்டி தன்னைத்தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் பக்கத்தைத் திறக்க வேண்டும். கோடுகளை யாராவது அழித்தால் கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார் போன்ற சோதனைகளும் சேர்ந்து அழிந்து 'தயார் இல்லை' என்று நிற்கும். சில நாள் பல விதமாக ஓட்டினால்தான் அவை ஒவ்வொன்றாகத் திரும்ப முடியும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி ஆகும், விற்பவர்களும் அதைத்தான் சொல்வார்கள். இருக்கலாம். "சரிங்க, ஒரு வாரம் ஓட்டுங்க, நான் மறுபடி வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அதில் பாதிப் பேர் அப்புறம் போனையே எடுப்பதில்லை.