8 கஜ கில்ட்: காசு எங்கே போகிறது?

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு வைத்த பாவாடை. அங்கே எடின்பரோவின் ராயல் மைல் தெருக் கடைகளில் சில பத்து பவுண்டுக்கே அது கிடைக்கும். அளவெடுத்துக் கையால் தைத்ததற்குப் பல நூறு பவுண்டு. முன்னால் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்பக்கத்தைத் திருப்புங்கள்.

நல்ல கில்டுக்குக் கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள வொர்ஸ்டட் கம்பளி (சீவி முறுக்கிய நூலில் நெய்தது), இரட்டை அகலத்தில் 4 கஜம் எடுப்பார்கள். அதை நீளவாக்கில் இரண்டாக்கி இணைத்தால் 8 கஜம். துணி மட்டுமே சுமார் 1.8 கிலோ! நடக்கும்போது மடிப்பு விரிந்து மறுபடி ஒழுங்காக விழுவது இந்தக் கனத்தால்தான். மெல்லிய அக்ரிலிக் காற்றில் பறக்கும், உட்கார்ந்து எழுந்தால் கசங்கிக் கிடக்கும். அடி ஓரத்தையும் பாருங்கள். அசலில் தறியிலேயே நெய்த கரை இருக்கும். மடித்துத் தைத்திருந்தால் மலிவுச் சரக்கு.

உண்மையான வேலை பின்புறத்தில். ஒவ்வொரு மடிப்பும் டார்ட்டன் என்னும் கட்டம் போட்ட துணியின் ஒரு முழுக் கட்டத்தை, ஏறக்குறைய 6 அங்குலத்தை, விழுங்கும். வெளியே தெரிவது முக்கால் அங்குலம் அளவுதான். ஆனாலும் கட்டம் பின்னால் முறியாமல் ஓட வேண்டும். புட்டத்திலிருந்து இடுப்புக்கு வர வர ஒவ்வொரு மடிப்பையும் சற்றே குறுக்கிக் கையால் தைப்பார்கள். பிறகு உள்ளே மிஞ்சும் துணியை மேல்பகுதியில் வெட்டி எடுத்துவிட்டு, கேன்வாஸ் வைத்து இறுக்குவார்கள். இந்தத் தாங்கல் இல்லாவிட்டால் வெட்டிய துணியின் மேலேயே பாரம் விழுந்து மடிப்புகள் தொய்ந்துவிடும். கைதேர்ந்தவருக்கும் சில நாள் பிடிக்கும் வேலை இது. விலையில் பெரும்பங்கு இந்தக் கூலிதான், அது நியாயமும்கூட.

ஆர்டர் கொடுப்பவர்கள் வழக்கமாகத் தப்பு செய்வது அளவில். ஜீன்ஸ் இடுப்பளவைச் சொல்லாதீர்கள். கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும், முழங்கால் நடுவில் முடியும். அங்கே டேப் வைத்து அளந்து தாருங்கள். எடை கொஞ்சம் ஏறி இறங்கினால் வார்களையும் பக்கிள்களையும் நகர்த்திக்கொள்ளலாம். வெல்க்ரோ வைத்ததில் அந்த வசதிக்குப் பெரிதாக இடமில்லை.

ஒரே ஒரு கல்யாணத்துக்கு என்றால் வாடகைக்கு எடுங்கள், வாங்க வேண்டாம். வெப்பமான ஊரில் கட்டுபவருக்கு 13 அவுன்ஸ், 5 கஜம் தாராளம். 16 அவுன்ஸ் வியர்த்து வடியும்.

கில்ட் பின்னை (முன்பக்கத்தில் குத்தும் அலங்கார ஊக்கு) முன்னால் மேலே வரும் துணியில் மட்டும் குத்துங்கள். அடித்துணியையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது கிழியும். டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கும் முன் மடிப்புகளை ஓட்டுத்தையல் போட்டுக் கட்டிவிட வேண்டும். வீட்டில் அந்துப்பூச்சி அண்டாமல் மூடி வைத்தால் பல்லாண்டு உழைக்கும்.