வெப் பக்கத்தை இளைக்க வைப்பதா, பசுமை ஹோஸ்டிங்குக்கு மாறுவதா?

என் தளத்தில் ஒரு கட்டுரைக்கு மேலே படம் வைத்திருந்தேன். போனில் எடுத்தது, 4000 பிக்சல் அகலம், கிட்டத்தட்ட 4 எம்பி. படிப்பவரின் திரையில் அது 800 பிக்சலுக்கு மேல் விரிவதே இல்லை. 1200 பிக்சலுக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற, இடம் குறைவாகப் பிடிக்கும் பட வடிவத்தில் சேமித்ததும் 150 கேபிக்குக் கீழே இறங்கிவிட்டது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை நாளும் வந்தவர்கள் எல்லோருடைய போனுக்கும் அந்த 4 எம்பியை வீணாக அனுப்பியிருக்கிறேன் என்பது உறுத்தியது. அப்புறம்தான், இணையத்தில் நாம் போடுவதால் ஆகும் மின்செலவைக் குறைக்க எந்த வழி நிஜமாகப் பலன் தரும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பலரும் முதலில் சொல்வது பசுமை ஹோஸ்டிங், அதாவது காற்று, வெயில் போன்றவற்றின் மின்சாரத்தில் ஓடும் சர்வரில் தளத்தை வைப்பது. சுலபம்தான், தளத்தை ஒரு தடவை மாற்றினால் போதும், எழுதும் முறையில் எதையும் தொட வேண்டாம். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024ல் இந்தச் சர்வர்களை வைத்திருக்கும் டேட்டா சென்டர்கள் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன, உலக நுகர்வில் ஏறக்குறைய 1.5 சதவீதம், அதனால் இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதே முகமை 2020ல் வீடியோ பார்ப்பதற்குப் போட்ட கணக்கைப் பாருங்கள்: ஆகும் மின்சாரத்தில் டேட்டா சென்டரின் பங்கு 5 சதவீதம், நெட்வொர்க் 23, மீதி 72 சதவீதம் பார்ப்பவரின் கருவிக்கே போகிறது. ஹோஸ்டிங்கை மாற்றினால் அந்த முதல் துண்டைத்தான் தொடுகிறோம்.

பக்கத்தை இளைக்க வைத்தால் மூன்றையும் தொடலாம். 2010 வாக்கில் 500 கேபிக்கும் குறைவாக இருந்த நடுவாந்திரமான ஒரு வெப் பக்கம், 2024ல் கணினியில் 2.6 எம்பி அளவுக்குப் பெருத்துவிட்டது என்கிறது வெப் பக்கங்களை அளந்து பதிவு செய்யும் எச்டிடிபி ஆர்க்கைவ். ஆனால் எம்பி பாதியானால் மின்சாரமும் பாதியாகிவிடாது. ரவுட்டரும் டவரும் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு எம்பிக்கு இத்தனை கிராம் கார்பன் என்று பெருக்கிக் காட்டும் கணக்குகளை அதனால் நான் அப்படியே நம்புவதில்லை.

லேசான பக்கத்தின் பெரிய லாபம் பழைய போனில் இருக்கிறது. ஒரு போன் தன் ஆயுளில் ஏற்படுத்தும் கார்பனில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. ஐந்து வருடப் போனில் பக்கங்கள் திணறித் திணறித் திறந்தால் போன் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்குகிறார்கள், போனில் கோளாறே இருக்காது, வெப் பக்கத்தில் குவிந்திருக்கும் ஸ்கிரிப்ட்தான் (போனே ஓட்ட வேண்டிய நிரல், பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட்) அதைத் திணறடித்திருக்கும். 100 கேபி படத்தைவிட 100 கேபி ஜாவாஸ்கிரிப்ட் ப்ராசஸருக்கு வைக்கும் வேலை அதிகம். அதனால் படத்தோடு நிற்காமல் வருகிறவர்களைக் கண்காணிக்கும் டிராக்கர், ஷேர் பட்டன், யாரும் நகர்த்திப் பார்க்காத பட ஸ்லைடர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

வீடியோவில் எல்லோரும் ரெசல்யூஷனைப் பற்றியே பேசுகிறார்கள். 4கே வீடியோ மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும் என்பது உண்மைதான், ஆனால் 50 அங்குல டிவி ஒரு போனைவிட சுமார் 100 மடங்கு மின்சாரம் எடுக்கிறது, ஆக எந்தத் திரையில் பார்க்கிறோம் என்பதே பெரிய விஷயம். வீடியோ போடுகிறவர் கையில் இருப்பது ஆட்டோபிளேயை நிறுத்துவது. வெறும் பேச்சு என்றால் ஆடியோவாகவே கொடுத்துவிடலாம், திரையை அணைத்துவிட்டுக் கேட்பார்கள்.

திரையின் பின்னணியைக் கறுப்பாக்கும் டார்க் மோடுக்கு இருக்கும் பேர் அதன் பலனைவிடப் பெரிது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021ல் சோதித்தபோது, திரை வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை போனில் மிச்சமானது சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரியும், அங்கே பெரிதாக எதுவும் மிச்சமாகாது.

இதையெல்லாம் செய்த பிறகு ஹோஸ்டிங்கையும் மாற்றுவதாக இருந்தால், பச்சை இலை லோகோவைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். வருடக் கடைசியில், வேறெங்கோ உற்பத்தியான பசுமை மின்சாரத்துக்கான சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர் செய்கிறார்களா, இல்லை சர்வர் இருக்கும் ஊரின் மின்சாரமே காற்றிலும் நீரிலும் வெயிலிலும் வருகிறதா என்று கேளுங்கள். இரண்டாவதைச் செய்கிறவர் எந்த ஊர், எந்த மின்சாரம் என்று பெயரோடு சொல்வார்.