ஒருநாள் தாமிரபரணி வேன் சுற்றுலா: அருவி உண்டு, அணைக்கட்டு இல்லை

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர், அதாவது கால்வாய் மதகைத் திறந்து மூடுகிறவர். கன்னடியன் கால்வாய் ஷட்டரின் சாவி எங்கள் வீட்டுச் சுவர் ஆணியில்தான் தொங்கும். அதனால் பாபநாசத்திலிருந்து கொற்கை வரை என்ற நோட்டீஸைப் பார்த்ததும், ஆளுக்கு 1,200 ரூபாய் கட்டி மனைவியோடு கிளம்பிவிட்டேன்.

காலை 6 மணிக்குச் சொன்னபடி நெல்லை ஜங்ஷனில் வேன் நின்றது. சுத்தமான வண்டி, நிதானமான ஓட்டுநர். அகத்தியர் அருவியில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

மலையை விட்டு இறங்கியதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வழிகாட்டித் தம்பி மைக்கில், "வயல்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்" என்றான். இவ்வளவு வயல் எப்படி வந்தது தம்பி என்றேன். "நல்ல மண், அண்ணாச்சி" என்றான். மண் மட்டுமா காரணம்? தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசி ஒன்றுதான் வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. பொதிகையில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. அந்தத் தண்ணீரைக் கால்வாய்களில் திருப்பிக் குளங்களில் நிறுத்துவதால்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. பசு நடந்த தடத்தில் கால்வாய் வெட்டி, அது படுத்த இடத்தில் குளம் தோண்டினாராம் கன்னடப் பிரம்மச்சாரி ஒருவர். அந்தக் கதையைக்கூட நான்தான் பின் சீட்டிலிருந்து சொன்னேன். ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க நிறுத்தினார்கள். பாய்க்குப் பேர்போன பத்தமடையில் இருபதே நிமிடம். கோரையை ஊறவைத்து நூலாகக் கிழிப்பதைப் பார்ப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். மதியம் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பான சொதி என்று சொல்லி ஊற்றியது தண்ணீர்க் குருமா. திருநெல்வேலிக்காரனிடமே இந்த வேலை!

ஆதிச்சநல்லூரில் அதே தம்பி வேறு ஆளாகிவிட்டான். கண்ணாடித் தளத்துக்குக் கீழே இறந்தவர்களைப் புதைத்த பழங்காலத் தாழிகளைக் காட்டி, 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டியதையும், பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரியா வந்ததையும் அழகாகச் சொன்னான். விளைநிலத்தைத் தொடாமல் சரளை மேட்டில் புதைத்திருக்கிறார்கள் என்று அவன் சொன்னபோது எனக்கே புதிதாக இருந்தது.

பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கைக்குப் போனபோது இருட்டிவிட்டது. துறைமுகம் என்றீர்களே, கடல் எங்கே என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைச் சில கிலோமீட்டர் தள்ளிவிட்டது என்பதைப் பகலில் காட்டியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும்.

ஐந்துக்கு மூன்று. போகிறவர்கள் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்ரீவைகுண்டம் பாலத்தில் அவராகவே வண்டியை ஓரங்கட்டி, "இறங்கிப் பாருங்கள் அண்ணாச்சி, உங்கள் அணைக்கட்டு" என்றார்.