நல்லெண்ணெயில் வரும் ஹார்மோன் ஊசி: என் பத்து மாத அனுபவம்

46 வயதில் எனக்குக் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு மெல்ல மெல்ல வரும் மாதவிடாய் நிறுத்தம், எனக்கு ஒரே வாரத்தில் வந்தது. நியூ ஜெர்சி எடிசனில் வீட்டிலிருந்தே டிபன் செய்து கொடுக்கிறேன். தோசைக்கல் அனல் பழகினதுதான். நெஞ்சில் கிளம்பி முகத்துக்கு ஏறும் இந்த அனல் வேறு. ராத்திரி மூன்று தடவை நைட்டி மாற்றுவேன்.

முதலில் தந்த, தோலில் ஒட்டும் ஹார்மோன் பேட்ச், அடுப்படி வியர்வையில் ஒட்டவே இல்லை. அப்புறம்தான் டாக்டர் எஸ்ட்ரடையால் வேலரேட் ஊசிக்கு மாற்றினார். 4 வாரத்துக்கு ஒரு முறை 10 மில்லிகிராம், பிட்டத்துச் சதையில் ஆழமாக. சினைப்பை சுரக்கும் அதே எஸ்ட்ரடையாலோடு வேலரிக் அமிலத்தை இணைத்து எண்ணெயில் கரைத்திருக்கிறார்கள். அது சதையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குப் போகிறது. உடம்பு அந்த இணைப்பைப் பிரித்து ஹார்மோனை எடுத்துக்கொள்கிறது. என் குப்பியில் இருப்பது நல்லெண்ணெய். ஒரு மில்லிலிட்டருக்கு 20, 40 மில்லிகிராம் இருக்கும் குப்பிகளில் விளக்கெண்ணெய். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நர்ஸிடம் கற்றுக்கொண்டு என் வீட்டுக்காரர்தான் போடுகிறார். ஒன்றரை அங்குல ஊசி; இரண்டு நாள் உட்காரும்போது வலிக்கும். ஜனவரியில் ஜன்னலோரம் வைத்த குப்பியில் கற்கண்டுத் துகள் மாதிரி ஏதோ படிந்திருந்தது. பயந்துபோய் மருந்துக் கடையில் கேட்டேன். குளிரில் அப்படி ஆகும், சூடு பட்டால் கரைந்துவிடும் என்றார்கள். உள்ளங்கையில் வைத்திருந்தேன், கரைந்துவிட்டது.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒருநாள் விடியும்வரை ஒரே நைட்டியில் தூங்கி எழுந்தேன். அழுகையே வந்துவிட்டது.

குறை என்றால் நாலாவது வாரம்தான். மருந்து வடிய வடிய அனல் லேசாகத் திரும்புகிறது. எரிச்சலும் கூடவே வருகிறது. ரத்தக்கட்டு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கைகளை டாக்டரோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் சம்மதித்தேன். ஐந்துக்கு நாலு தருவேன்.

மதுரையிலிருந்து என் தங்கை, "அக்கா, அந்த மருந்து பேரைச் சொல்லு, நானும் போட்டுக்கிறேன்" என்றாள். அவளுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது. எஸ்ட்ரோஜனை (என் ஊசியில் இருக்கும் எஸ்ட்ரடையால் அந்த வகைதான்) மட்டும் போட்டால் அதன் உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். கூடவே புரோஜெஸ்ட்டிரான் வகை மருந்தும் வேண்டும். பெயரைச் சொல்லவில்லை. முதலில் டாக்டரைப் பார், அப்புறம் பேசலாம் என்றேன். வரும் வியாழக்கிழமை போகிறாள்.