பழைய மாடல் ரயில் எஞ்சினைத் தபாலில் பழுதுபார்க்க அனுப்புவோர் கவனத்திற்கு

பழைய மின்சார மாடல் ரயில் எஞ்சின்களைத் தபாலில் பெற்றுப் பழுதுநீக்கித் தருவதாக இங்கிலாந்தில் விளம்பரம் செய்துவரும் ஒருவரிடம் என் எஞ்சினை ஒப்படைத்தேன். செய்யாத வேலைக்கு 68 பவுண்ட் வாங்கிக்கொண்டதோடு, நன்றாக இருந்த பாகம் ஒன்றையும் கெடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வங்கியில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறை இத்தொழிலில் வேறு சிலரும் கையாளக்கூடியது என்பதால், அதை விவரமாகவே எழுதுகிறேன்.

எஞ்சின், ட்ரை-ஆங் நிறுவனம் கென்ட் பகுதியின் மார்கேட் தொழிற்சாலையில் தயாரித்த, ஜிண்டி என்ற சிறு நீராவி எஞ்சினின் மாடல். ஆறு சக்கரங்களும் எக்ஸ்04 என்ற மோட்டாரும் கொண்டது, 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடுவது. குறைந்த வேகத்தில் வெட்டி வெட்டி ஓடுவதும், திடீரென நிற்பதும், மேலே விரலால் லேசாக அழுத்தினால் உடனே கிளம்புவதும்தான் கோளாறு. தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அதே வட்டத்தில் வேறொரு எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். அது எங்கும் தயங்கவில்லை. ஆகவே வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலும் தண்டவாள இணைப்புகளிலும் குறையில்லை, சக்கரத்திலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் போகும் வழியில்தான் ஏதோ தடை இருக்கிறது என்று குறிப்பெழுதி, மோட்டாரின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியை அனுப்பினேன்.

சில நாட்களில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "ஆர்மேச்சர் எரிந்துவிட்டது, மாற்றினால்தான் ஓடும்" என்றார். ஆர்மேச்சர் என்பது மோட்டாருக்குள் கம்பி சுற்றப்பட்டுச் சுழலும் பாகம். அதில் சுற்று அறுந்தாலும் எஞ்சின் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது மேலே அழுத்துவதால் பயன் இருக்காது, சக்கரத்தைச் சற்று உருட்டிவிட வேண்டும். இதைச் சொன்னபோது, கருவி வைத்துச் சோதித்தாயிற்று என்று மட்டும் பதில் வந்தது. வேலை வேண்டாமென்றால் சோதனைக் கட்டணத்தையும் திருப்பி அனுப்பும் தபால் செலவையும் கட்ட வேண்டுமாம். அந்தத் தொகை ஏறக்குறைய வேலைக் கட்டணத்தின் பாதியை எட்டியது. பொருள் அவர் கைக்குப் போன பிறகுதான் இந்த நிபந்தனையை வாயைத் திறந்து சொன்னார். விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை. பில்லில் புதிய ஆர்மேச்சர், புதிய கார்பன் பிரஷ் (ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) இரண்டு, முழு சர்வீஸ் என்று எழுதியிருந்தது.

திரும்பி வந்த எஞ்சின் முதல் சுற்றை ஒழுங்காக ஓடிவிட்டு, பழையபடியே வெட்டத் தொடங்கியது. கூடவே புதிதாக ஒரு குறையும் சேர்ந்திருந்தது: சிறிது நேரத்திலேயே மோட்டார் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறி, வார்னிஷ் தீயும் வாடை வந்தது. மேல்கூட்டைக் கழற்றி, முன்பு எடுத்த படங்களோடு ஒப்பிட்டேன். கம்யூட்டேட்டரின் (ஆர்மேச்சரில் பிரஷ்கள் உரசும், துண்டுகளாகப் பிரிந்த பகுதி) ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஈயப்பற்றுத் துளி, சுற்றுக் கம்பியில் இருக்கும் சிறு கீறல் ஆகியவை அப்படியே இருந்தன. அதே ஆர்மேச்சர்தான். பிரஷ்களில் ஒன்றுதான் புதியது, மற்றது பழைய தேய்மானத்தோடே இருந்தது. ஸ்பிரே எண்ணெயைத் தாராளமாக அடித்திருந்ததால், அது கரித்தூளோடு குழைந்து கம்யூட்டேட்டர் துண்டுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் கருஞ்சேறாக அடைத்திருந்தது. அந்தச் சேறு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் குறுக்குவழி உண்டாகிவிடும். குறிப்பில் நான் சுட்டிக்காட்டியிருந்த இடத்தையோ யாரும் தொடவே இல்லை. சக்கரத்தின் பின்புறத்தை உரசி மின்சாரம் எடுக்கும் வெண்கலத் தகடு, தூசியும் துணி நூலும் அப்பிக் கிடந்ததோடு, ஒரு சக்கரத்தை எட்டாமல் விலகியும் நின்றது.

மோட்டார் ஏன் சூடேறியது என்பதுதான் என்னை மிகவும் கோபப்படுத்திய விஷயம். எக்ஸ்04 மோட்டாரின் நிலைக்காந்தம் இருபுறமும் இரும்புத் துண்டுகளோடு இணைந்து ஒரு காந்தச் சுற்றாக அமைந்திருக்கிறது. அந்தக் காலத்து அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தத்தை, கீப்பர் எனப்படும் இரும்புத் துண்டால் முனைகளை இணைக்காமல் வெளியே எடுத்தால், அதன் வலு கணிசமாகக் குறைந்துவிடும். திரும்பப் பொருத்தினாலும் பழைய வலு தானாக வராது. காந்தம் வலுவிழந்த மோட்டார் சுமையில்லாமல் வேகமாகச் சுழலும். ஆகவே மேஜைமேல் கவிழ்த்து வைத்து ஓட்டிக்காட்டினால் "பார், எப்படிப் பறக்கிறது" என்று தோன்றும். ஆனால் இழுவை குறைந்து, கூடுதல் மின்சாரத்தைக் குடித்துச் சூடாகும். அனுப்புவதற்கு முன் அரை ஆம்பியருக்குள் ஓடிய எஞ்சின், இப்போது ஒரு ஆம்பியரைத் தாண்டுகிறது. ஆர்மேச்சரை மாற்றியதாகக் காட்டுவதற்காக மோட்டாரைப் பிரித்து, காந்தத்தைக் கீப்பர் இல்லாமல் வெளியே எடுத்து, ஆர்மேச்சரை மாற்றாமலே மூடியிருக்கிறார் என்றுதான் நான் முடிவுக்கு வருகிறேன்.

மோட்டார் எரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு சோதனைகளின் முடிவைக் கேளுங்கள். கன்ட்ரோலரிலிருந்து இரண்டு கம்பிகளை நேராக மோட்டார் முனைகளில் வைத்தால் சீராக ஓடி, சக்கரங்களில் வைத்தால் திணறுகிறதா? அப்படியானால் குறை நடுவழியில் இருக்கிறது, மோட்டாரில் இல்லை. அடுத்து, பிரஷ்களை நீக்கிவிட்டு, கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளை இரண்டிரண்டாக வைத்து மல்டிமீட்டரில் மின்தடையை அளக்க வேண்டும். மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சுற்று நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். மூன்று எண்களையும் எழுத்தில் தர மறுப்பவர் பெரும்பாலும் அளந்தே பார்க்கவில்லை என்பது என் கருத்து. கழற்றிய பழைய பாகங்களை எஞ்சினோடு திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையும், வேலை வேண்டாமென்றால் எவ்வளவு செலவாகும் என்பதையும் பெட்டியைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்பே மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

புகார் எழுதியபோது, ஐம்பது அறுபது வயதான பொம்மை அப்படித்தான் ஓடும் என்று முதல் பதில் வந்தது. பழைய ஆர்மேச்சரைக் கேட்டேன்; குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்களை அருகருகே வைத்து அனுப்பியபின் பதிலே இல்லை. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கட்டணம் வாங்கிச் செய்யும் சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும்; தவறினால் மறுபடி செய்துதரவோ கட்டணத்தைக் குறைக்கவோ கோரலாம். மறுபடி அவரிடமே எஞ்சினைக் கொடுக்க எனக்கு மனமில்லை. டெபிட் கார்டில் பணம் கட்டியிருந்ததால், பில்லையும் படங்களையும் இணைத்து கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கோரும் வங்கியின் சார்ஜ்பேக் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். வங்கி மாற்றல் மூலம் கட்டியிருந்தால் இந்த வழியும் இருந்திருக்காது.

வெண்கலத் தகட்டை ஆல்கஹாலால் துடைத்து, சக்கரத்தைத் தொடும்படி இடுக்கியால் சற்று வளைத்துவிட்டதும் வெட்டுதல் நின்றுவிட்டது. காசு செலவில்லாத வேலை. காந்தத்துக்கு மாற்றாக நியோடிமியம் காந்தத் துண்டுகளை வாங்கிப் பொருத்திய பிறகு சூடும் தணிந்துவிட்டது. அந்தத் துண்டுகளின் விலையையும் கோரிக்கையில் சேர்த்திருக்கிறேன். வங்கி முடிவு தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.