ஸ்பிரிங்கா, காயில்ஓவரா? வேலூரில் காரைத் தாழ்த்திய கதை

சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் நுழையும் இடைவெளி, என் ஸ்விஃப்ட்டில் நெடுநாள் உறுத்தலாக இருந்தது. சென்ற ஆண்டு 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் போட்டுக்கொண்டேன். அதே மாதம் காட்பாடியில் இருக்கும் என் மைத்துனன் தன் காருக்குக் காயில்ஓவர், அதாவது உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் ஜோடி, போட்டு 50 மி.மீ. இறக்கினான். இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகும் நான் ஸ்பிரிங் பக்கம்தான்.

இருக்கிற ஸ்பிரிங்கையே அறுத்துக் குட்டையாக்கும் மூன்றாவது வழியும் உண்டு. பெரிய குழியில் சக்கரம் இறங்கினால் அறுத்த ஸ்பிரிங் இடம் விட்டு நழுவக்கூடும். அந்தப் பேச்சே வேண்டாம்.

தோற்றத்தில் காயில்ஓவர் முந்துகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவன் வண்டிதான் குறைவாகச் சாய்ந்தது. பந்தயத் தடத்தில் ஓட்டுபவரின் கணக்கு வேறாக இருக்கலாம். நான் அங்கே போனதில்லை.

ஆனால் காயில்ஓவருக்குப் பல மடங்கு பணம் கொடுப்பதே உயரத்தை வேண்டியபோது மாற்றலாம் என்பதற்காகத்தான். நம் ஊரில் அந்த வசதிதான் முதலில் போகிறது. ஷாக் அப்சார்பரின் உடலில் மரை வெட்டியிருக்கும். அதிலுள்ள வளையத்தைத் திருகித்தான் ஏற்றி இறக்க வேண்டும். கோடைப் புழுதியும் ஐப்பசிச் சேறும் அந்த மரையில் புகுந்து இறுகிவிடுகின்றன. தீபாவளிக்கு ஐந்து பேராகக் கிளம்பும் முன் வண்டியைச் சற்று உயர்த்தலாம் என்றான் மைத்துனன். சக்கரத்தைக் கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்து, எண்ணெய் விட்டுக் காத்திருந்து, ஒரு வளையம் அசைவதற்குள் மதியமாகிவிட்டது. உயரம் மாறினால் வீல் அலைன்மென்ட்டும், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணமும், மறுபடி பார்க்க வேண்டும். பண்டிகை நாளில் எந்தக் கடை திறந்திருக்கும்? என் வண்டியில்தான் போனோம். அதன் பிறகு அவன் அந்த வளையத்தைத் தொடவே இல்லை.

என் வண்டியும் சொக்கத்தங்கம் இல்லை. 163 மி.மீ. தரை இடைவெளி 133 ஆகிவிட்டது. ஆட்கள் ஏறினால் இன்னும் குறையும். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்குச் சொல்லும் உயரம் 10 செ.மீ. சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனையில் கட்டியவருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலும். அங்கே வண்டியைக் குறுக்காகத் திருப்பி ஏற்றுகிறேன். வீட்டில் இருப்பவர்கள் இறங்கி நடக்கிறார்கள். அலைன்மென்ட்டைத் தள்ளிப்போட்டதால் முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்தது என் தவறு. நான் மாற்றாமல் விட்ட பழைய ஷாக் அப்சார்பர்கள் புது ஸ்பிரிங்குகளோடு 18,000 கி.மீ. தாங்கியிருக்கின்றன, 40,000 வரை தாங்குமா என்று உறுதி சொல்லமாட்டேன். கசிந்தால் உள்ளூர் உதிரிபாகக் கடையிலேயே புதிது கிடைக்கும். அவனுடையது கசிந்தால் கழற்றி வெளியூருக்கு அனுப்ப வேண்டும்.

எதைப் போட்டாலும் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள். விற்கும் நாளில் பழையபடி மாற்றிக் கொடுக்க, கழற்றிய நான்கு ஸ்பிரிங்குகளையும் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். மைத்துனன் கழற்றியவற்றை அன்றே எடைக்குப் போட்டுவிட்டான்.